மனசாட்சியோடு டெக் வேலை: எந்த நாற்காலியில் உட்காருவது?

ஐ.டி.யில் மூன்று நான்கு வருடம் ஓட்டியவர்கள் பலர் ஒரு கட்டத்தில் வந்து நிற்கிற இடம் இது: சம்பளம் வருகிறது, அப்ரைசலும் பரவாயில்லை, ஆனால் செய்கிற வேலையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டால் பதில் இல்லை. சில பேருக்குக் கல்லூரிக் கடைசி வருடத்திலேயே இந்த உறுத்தல் வந்துவிடுகிறது. சமூகத்துக்கு உதவுகிற, குறைந்தபட்சம் யார் வயிற்றிலும் அடிக்காத டெக்னாலஜி வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். வழிகள் இல்லாமல் இல்லை. பெரிய கம்பெனிக்குள்ளேயே இருந்து செய்யலாம், தொண்டு நிறுவனத்துக்குப் போகலாம், அரசுப் பக்கம் போகலாம், டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் அமைப்பில் சேரலாம், இல்லையென்றால் பகலில் வேலை, ராத்திரியில் கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியது) என்று வைத்துக்கொள்ளலாம். எது யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் குழப்பம்.

பொதுவாக இரண்டு அளவுகோல்களை வைத்து ஒப்பிடுகிறார்கள்: சம்பளம் எவ்வளவு, அமைப்பின் நோக்கம் எவ்வளவு நல்லது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் நான் இன்னொன்றை முன்னால் வைப்பேன். எங்கே வேலை செய்தாலும் ஒருநாள் தப்பான ஒரு வேலை உங்களுக்கு ஒதுக்கிய வேலைப் பட்டியலில் (டிக்கெட் வரிசையில்) வந்து விழும். தேவையில்லாத விவரங்களையும் பயனரிடமிருந்து உருவுகிற ஃபார்மாக இருக்கலாம், சரிபார்க்காமல் ஒருவரின் பெயரைப் பட்டியலிலிருந்து தூக்குகிற புரோகிராம் கோடாக இருக்கலாம். 'இதை இப்படிச் செய்யக்கூடாது' என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தப் பேச்சை யாராவது கேட்டே ஆகவேண்டிய கட்டாயம் அங்கே இருக்கிறதா, அல்லது 'சரி சரி, அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்' என்று மீட்டிங் முடிந்துவிடுமா? நோக்கம் எவ்வளவு உன்னதமாக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் இரண்டு வருடத்தில் மனசு விட்டுப்போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த விஷயத்தில் இணையத்தில் கிடைக்கிற அறிவுரையில் பெரும்பகுதி அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியது. 'கொள்கைக்கு விரோதமா, ராஜினாமா செய்' என்று அவர்கள் எழுதலாம். கல்விக் கடன் ஓடிக்கொண்டிருக்கிற, வீட்டில் முதல் பட்டதாரியாக இருக்கிற, தம்பி ஃபீஸுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஒருவருக்கு அது உதவாது. நான் அப்படிப்பட்டவரை மனசில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் பெரிய கம்பெனி. உள்ளேயிருந்து மாற்ற முடியுமா என்று கேட்டால், கூகுளில் நடந்ததைப் பாருங்கள். 2018-ல், அமெரிக்க ராணுவத்தின் ட்ரோன் படங்களை ஏ.ஐ. கொண்டு அலசுகிற 'மேவன்' திட்டத்தில் கம்பெனி இருப்பது ஊழியர்களுக்குத் தெரியவந்தது. சுமார் 4,000 பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், பத்துப் பன்னிரண்டு பேர் வேலையை விட்டார்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நிர்வாகம் இறங்கி வந்தது, ஆயுதங்களுக்காக ஏ.ஐ. செய்ய மாட்டோம் என்று கொள்கையும் எழுதி வெளியிட்டது. அதே கம்பெனியில் 2024 ஏப்ரலில், இஸ்ரேல் அரசுடனான 'நிம்பஸ்' கிளவுட் ஒப்பந்தத்தை எதிர்த்து அலுவலகத்துக்குள் உட்கார்ந்து போராட்டம் நடந்தது. அதையொட்டி 50 பேர் வரை வேலையை இழந்தார்கள். 2025 பிப்ரவரியில் ஆயுதங்கள் பற்றிய அந்த வாக்குறுதியே கொள்கையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

இந்த ஆறேழு வருடத்தில் ஊழியர்களுக்கு மனசாட்சி குறைந்துவிடவில்லை. 2018-ல் நல்ல இன்ஜினியர் கிடைப்பது குதிரைக் கொம்பு, ஒருவர் போனால் இடத்தை நிரப்ப மாதக்கணக்காகும். 2023 ஜனவரியில் அதே கம்பெனி 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்துவிட்டது. ஆள் கிடைக்காத காலத்தில் எதிர்ப்புக்கு மதிப்பு இருந்தது, ஆள் மலிந்ததும் போய்விட்டது, அவ்வளவுதான்.

'எத்திக்ஸ்' என்று பெயர் வைத்த குழுக்களின் கதையும் இதேதான். ட்விட்டரில் அல்காரிதம்களின் பாரபட்சத்தை ஆராய்ந்த குழு 2022 நவம்பர் ஆட்குறைப்பில் போனது. மைக்ரோசாஃப்ட் தன்னுடைய 'எத்திக்ஸ் அண்ட் சொசைட்டி' குழுவை 2023 மார்ச்சில் கலைத்தது. ஓப்பன்ஏ.ஐ.யில் எதிர்கால ஆபத்துகளைக் கவனிக்க என்றே ஏற்படுத்திய குழு 2024 மேயில் கலைந்தது. இப்படியொரு பதவியைக் குறிவைத்து கரியரைக் கட்டுவது நம் ஊர்க்காரருக்குச் சரிவராது என்பது என் கருத்து. ஏற்கெனவே இருக்கிற சில இடங்களும் முனைவர் பட்டம் வரை படித்தவர்களுக்கானவை. ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால், ஐ.ஐ.டி. மெட்ராஸில் பொறுப்பான ஏ.ஐ.க்கென்று 2023-ல் தொடங்கிய 'செராய்' மையம் போன்ற இடங்களை முதலில் பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ அப்புறம்.

அப்படியானால் கம்பெனிக்குள் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும், ஆனால் சட்டம் பின்னால் நிற்கிற வேலையைப் பிடிக்க வேண்டும். இந்தியாவில் இன்றைக்கு அப்படி இரண்டு துறைகள் தெளிவாகத் தெரிகின்றன: தனியுரிமை, அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வெப்சைட், ஆப்களைச் செய்வது).

தனியுரிமையில் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. போதுமான பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அரசு அமைப்புகளுக்குத் தாராளமாக விலக்கு கொடுத்த ஓட்டைச் சட்டம்தான், அதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள், நானும் சொல்வேன். ஆனால் ஒரு தனியார் கம்பெனி மீட்டிங்கில் 'இந்த விவரம் நமக்குத் தேவையே இல்லை, எதற்குச் சேகரிக்கிறோம்?' என்று நேற்றுவரை கேட்டவன் தொந்தரவுக்காரன். இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்பவர் கம்பெனியின் பணத்தைக் காப்பாற்றுகிறவர். எந்த டேபிளில் யாருடைய விவரம் எத்தனை நாள் கிடக்கிறது, அழிக்கச் சொன்னால் பேக்கப்பிலிருந்தும் அழிகிறதா, லாக் ஃபைலில் ஆதார் எண் பச்சையாகக் கிடக்கிறதா என்று தேடிப் பிடிக்கிற ஆள் வேண்டும். வக்கீல்களால் இது முடியாது. பேக்எண்டில், அதாவது திரைக்குப் பின்னால் தரவு ஓடுகிற பக்கத்தில், நான்கு வருடம் உழைத்தவர்களுக்குத்தான் இது வரும்.

அணுகல்தன்மை எனக்கு இன்னும் பிடித்த துறை, கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லிருந்தே இருக்கிறது, ஆனால் வெப்சைட்டுகளும் ஆப்களும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு கொஞ்சம் உலுக்கியது. வழக்குப் போட்டவர்களில் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். வங்கிக் கணக்குக்கான கே.ஒய்.சி. செய்யும்போது கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறது ஆப். இமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள்ளேயே வருகிறது என்று சொல்லி, கே.ஒய்.சி. முறையை மாற்றச் சொல்லி 20 உத்தரவுகளைப் போட்டது நீதிமன்றம். அந்தக் கண் சிமிட்டும் ஸ்கிரீனை எழுதியவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. யாரையெல்லாம் மனசில் வைத்து எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, டெஸ்ட் செய்தவருக்கும் இரண்டு கண்ணும் நன்றாகச் சிமிட்டியது.

அதே வருடம் ஜூன் 28 முதல் ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டமும் அமலுக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய வங்கிக்கும் விமான கம்பெனிக்கும் கோடு எழுதிக் கொடுப்பது சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு ஆட்கள்தானே. நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில், திரையில் இருப்பதைப் பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் பட்டன் பெயர் வாசிக்கவில்லை என்ற பிழை (பக்) பல ரிலீஸ்களாக 'லோ பிரையாரிட்டி' பட்டியலில் கிடந்தது. கிளையன்ட் தரப்பிலிருந்து சட்டத்தைச் சுட்டிக்காட்டி ஒரு மெயில் வந்தது, அந்த வேலைச் சுற்றிலேயே (ஸ்பிரின்ட்) சரியானது. முன்னால் கெஞ்சிய அதே ஆட்கள்தான், அதே பக்தான்.

வேலைக்கோ பஞ்சமில்லை. உலகின் முன்னணி 10 லட்சம் வெப்சைட்டுகளின் முகப்பை வருடாவருடம் சோதிக்கிற வெப்எய்ம் அமைப்பின் 2025 அறிக்கையில் 94.8 சதவீதப் பக்கங்களில் அணுகல் பிழை இருந்தது. கற்றுக்கொள்ளக் காசும் வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரயில் டிக்கெட் போட்டுப் பாருங்கள், பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006-ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது.

கம்பெனி வழியின் எல்லை எங்கே என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். புகைப் பரிசோதனையின்போது மட்டும் சுத்தமாக ஓடுகிற மாதிரி கார் மென்பொருளை ஏமாற்றி எழுதிய ஃபோக்ஸ்வேகன் விவகாரம் 2015-ல் வெடித்தது. அதில் பங்கெடுத்த பொறியாளர் ஒருவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2017-ல் 40 மாதச் சிறையும் 2 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. அவர் கம்பெனியின் தலைவர் இல்லை, உங்களையும் என்னையும் போல ஒரு இன்ஜினியர். 'மேனேஜர் சொன்னார், செய்தேன்' என்பது எல்லா நேரத்திலும் காப்பாற்றாது. இந்தியாவில் தவறை வெளியே சொல்கிறவர்களுக்கான 2014-ஆம் வருடச் சட்டமோ அரசு ஊழியர்களின் ஊழலைப் பற்றியது, தனியார் கம்பெனிக்கு அது பொருந்தாது. கம்பெனிகள் சட்டத்தின்படி பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் புகார் சொல்ல ஒரு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும், அதோடு சரி. அதனால் எதிர்ப்பை எப்போதும் மெயிலில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 'யுனைட்' போன்ற சங்கங்கள் சென்னையில் இருக்கின்றன. தனியாளாக முனகுவதைவிட அது மேல்.

சரி, தொண்டு நிறுவனங்கள். மனசுக்குப் பிடித்த வேலை இங்கேதான் கொட்டிக் கிடக்கிறது என்று தோன்றும், கிடக்கவும் செய்கிறது. சத்தீஸ்கரில் கனியாரி கிராமத்து மருத்துவமனையில் ஓடத் தொடங்கிய 'பாஹ்ம்னி' என்கிற மருத்துவமனை மென்பொருள் இன்று பல நாடுகளில் ஓடுகிறது. ரத்த அழுத்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்க ஆரம்பச் சுகாதார நிலைய நர்ஸ்கள் பயன்படுத்துகிற 'சிம்பிள்' ஆப்பும் கட்டற்ற மென்பொருள்தான். அதில் வேலை செய்த பெங்களூருவின் 'நிலென்சோ', ஊழியர்களே முதலாளிகளாக இருக்கிற ஒரு கம்பெனி; அப்படியும் ஒரு வகை இருக்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. நகராட்சிகளுக்கு மென்பொருள் செய்கிற இ-கவ் ஃபவுண்டேஷன் 2003-லிருந்து இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஏ.ஐ.4பாரத், தமிழ் உள்பட 22 மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாடல்களை இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. அதன் மையத்துக்கு 2022-ல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனியின் குடும்பம் 36 கோடி ரூபாய் கொடுத்தது.

பணம் இந்த உலகத்துக்குள் எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ளாமல் உள்ளே போகாதீர்கள். லாபம் ஈட்டும் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது 2013-ஆம் வருடச் சட்டம். அதில் கம்பெனி தன் நிர்வாகச் செலவாகக் காட்டக்கூடியது 5 சதவீதம்தான். வெளிநாட்டு நன்கொடை வாங்குகிற அமைப்புகளுக்கு நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 2020 திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறங்கியது. அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் 2025-ல் மூடப்பட்டதில் அதை நம்பியிருந்த திட்டங்கள் உலகம் முழுக்கத் திடீரென்று நின்றன. விளைவு என்னவென்றால், புதிதாக ஒரு ஆப் செய்கிறோம் என்றால் பணம் கிடைக்கும், ரிப்பன் வெட்டப் படமும் எடுக்கலாம். ஏற்கெனவே ஓடுகிற ஆப்பை மூன்று வருடம் பராமரிக்கிறோம், செக்யூரிட்டி பேட்ச் போடுகிறோம் என்றால் பணம் கொடுக்க ஆளில்லை. அங்கன்வாடிப் பணியாளரிடமும் ஆஷாவிடமும் போனில் எத்தனை ஆப் வைத்திருக்கிறீர்கள், ஒரே தாயின் விவரத்தை எத்தனை இடத்தில் டைப் செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் நல்ல எண்ணம் குறைவு என்பதில்லை, ஒவ்வொரு நிதியும் தனக்கென்று ஒரு ஆப் கேட்கிறது.

சிறிய அமைப்பில் நீங்கள் 'இது தப்பு' என்றால் இயக்குநரே உட்கார்ந்து கேட்பார், அது உண்மை. ஆனால் நிதி கொடுப்பவரிடம் போய் அவர் அதைச் சொல்லத் தயங்குவார். ஆக இங்கே உங்கள் எதிர்ப்பு கட்டடத்துக்குள் வெகுதூரம் போகும், வெளியே போகாது. சம்பளம்? ஐ.டி. சேவை கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவர்களின் சம்பளம் பத்து வருடத்துக்கு மேலாகவே வருடம் மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது, ஆகவே தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஐந்தாறு வருட அனுபவத்துக்குப் பிறகுதான் இடைவெளி பிளந்துகொண்டு போகும். முதல் வேலையாக இங்கே வர வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் சம்பளம் இல்லை. டெக் டீமில் மொத்தமே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். உங்கள் கோடைப் படித்துத் திட்டுவதற்கு ஒரு சீனியர் இருக்க மாட்டார், தப்பாகக் கற்றுக்கொள்வீர்கள், அந்தத் தப்பு போய் விழுவது ஏற்கெனவே நொந்திருக்கிற மக்கள் தலையில். நான்கைந்து வருட அனுபவத்தோடு போகிறவருக்கோ இதைவிட நல்ல இடம் கிடையாது.

மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தப் பேச்சில் அவர்களை யாரும் சேர்ப்பதே இல்லை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆரோலேப் 1992-லிருந்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்கிறது. இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில் சில டாலருக்குக் கொண்டுவந்தார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸின் மறுவாழ்வுக் கருவிகள் மையத்திலிருந்து கிளம்பிய நியோமோஷன், அவரவர் உடம்புக்கு ஏற்றபடி சக்கர நாற்காலியும், அதில் மாட்டி ரோட்டில் ஓட்டுகிற மோட்டார் இணைப்பும் செய்கிறது. பொருளை விற்றுப் பிழைக்கிற அமைப்புகள் இவை, நன்கொடையாளரின் மனநிலையை நம்பி இல்லை. சக்கர நாற்காலி மாதிரிப் பொருளில் வாங்குகிறவரும் பயன்படுத்துகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதால் தப்பு உடனே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், மொத்தப் பட்டியலிலும் ஆரோக்கியமான அமைப்பு இதுதான், இடங்கள்தான் குறைவு.

அரசுப் பக்கம் கதை வேறு. அளவு என்று பார்த்தால் இதற்குக் கிட்டே எதுவும் வராது: நீங்கள் எழுதுகிற ஒரு ஸ்கிரீனைக் கோடிக்கணக்கானவர்கள் தொடுவார்கள். மத்திய அரசின் கணினி அமைப்பான என்.ஐ.சி.யில் சயின்டிஸ்ட்-பி பதவி என்றால் அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாயில் தொடங்குகிறது, மேலே படிகள், நிரந்தர வேலை, வீட்டிலும் சந்தோஷம். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையிலும் இருக்கிறது, பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளம் அங்கேதான் உருவானது. தமிழ்நாடு மின்னாளுமை முகமையும் இருக்கிறது, ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் ஒப்பந்த வேலைதான் அதிகம். விளம்பரத்தில் எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எதிர்ப்பு எங்கே போய்ச் சேரும் என்கிற கேள்வியை இங்கே கேட்டால்தான் வயிற்றைப் பிசைகிறது. நூறு நாள் வேலைக்கு என்.எம்.எம்.எஸ். என்ற ஆப்பில் தினமும் இருமுறை போட்டோவோடு வருகை பதிவு செய்ய வேண்டும் என்று 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத மலைக் கிராமத்தில் போட்டோ ஏறாது, ஏறவில்லை என்றால் வேலை செய்த அன்றைய கூலி போச்சு. ஊழலைத் தடுக்கத்தான் கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே விட்ட சுற்றறிக்கையில், சம்பந்தமில்லாத படங்களையும் போட்டோவையே போட்டோ எடுத்த படங்களையும் ஏற்றுகிறார்கள் என்று இருந்தது. திருடுகிறவர் வழி கண்டுபிடித்துவிட்டார், மண் சுமந்தவர் கூலியை இழந்தார். தெலங்கானாவில் பல துறைகளின் தரவை இணைத்துத் தகுதியில்லாதவர்களைக் கண்டுபிடிக்கிற 'சமக்ர வேதிகா' முறை, கார் வைத்திருக்கிறார் என்று தப்பாகக் காட்டி ஏழைகளுக்கு ரேஷன் மறுக்கக் காரணமானது. ரத்தான லட்சக்கணக்கான ரேஷன் கார்டுகளை நேரில் போய்ச் சரிபார்க்கச் சொல்லி 2022-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. பெயர்களைப் பொருத்துகிற அந்த நிரலை எழுதியவரும் யாரோ ஒரு இன்ஜினியர். 'பொருந்தவில்லை என்றால் ரத்து செய்யாதே, ஆளை அனுப்பிக் கேள்' என்று ஒரு வரி அவர் கேட்டு வாங்கியிருந்தால் எத்தனை வீட்டில் அடுப்பு அணையாமல் இருந்திருக்கும். கேட்டிருப்பாரோ என்னவோ, கேட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையோ.

நல்ல கொள்கை எழுதுவதில் நம் மாநிலம் பின்தங்கவில்லை. பாதுகாப்பான, நெறிசார்ந்த ஏ.ஐ.க்கென்று தமிழ்நாடு 2020-லேயே கொள்கை வெளியிட்டது, அரசு வாங்குகிற ஏ.ஐ.க்கு மதிப்பெண் போட ஒரு அட்டைகூட அதில் உண்டு. காகிதத்தில் இருப்பதை டெண்டரில் ஒரு நிபந்தனையாகக் கொண்டுவருகிற ஆள்தான் வேண்டும். உள்ளே போகிறவர் பொறுமைசாலியாக, கோப்பு எப்படி நகரும், எந்த அதிகாரிக்கு எதை எந்த நேரத்தில் எழுத வேண்டும் என்று கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால் ஒரு வரி மாற்றம் ஒரு லட்சம் பேருக்குச் சோறு போடும். கோபக்காரர்கள் போக வேண்டாம், ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடுவார்கள்.

கோபக்காரர்களுக்கு உரிமை அமைப்புகள் இருக்கின்றன. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டுகிற ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை எதிர்த்து லட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் போனதும், 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான கட்டணத்துக்கு டிராய் தடை போட்டதும் நினைவிருக்கலாம். அந்த இயக்கத்திலிருந்து பிறந்ததுதான் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன். டிஜிட்டல் உரிமைச் சட்டப் பணி செய்கிற எஸ்.எஃப்.எல்.சி., இணையமும் சமூகமும் பற்றி ஆய்வு செய்கிற பெங்களூருவின் சி.ஐ.எஸ். என்று இன்னும் சில. வெளியிலிருந்து எதிர்க்கிறவரை வேலையைவிட்டுத் தூக்க முடியாது, அதுதான் இங்கே பலம். பலவீனம், வக்கீல்களின் உலகம் இது. டெல்லி, பெங்களூரு, ஆங்கிலம். டெக் ஆட்களுக்கான இடங்களை விரல்விட்டு எண்ணலாம். கொள்கை ஆய்வில் பெயர்பெற்ற சி.பி.ஆர். அமைப்பின் வெளிநாட்டு நிதி உரிமம் 2024 ஜனவரியில் ரத்தானது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழுநேர வேலையாக இதை நம்புவதைவிட, ஒரு அரசு ஆப்பைப் பிரித்துப் பார்த்து என்னென்ன அனுமதி கேட்கிறது என்று எழுதிக் கொடுப்பது, தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன கேள்வி கேட்டால் டெக்னிக்கலாகத் தப்பிக்க முடியாது என்று சொல்லிக் கொடுப்பது, இப்படி உதவுகிறவராக இருக்கலாம். அவர்களுக்கு இல்லாதது அதுதான்.

அப்படியே கட்டற்ற மென்பொருளுக்கு வந்துவிடலாம், அதுவும் ராத்திரி வேலைதான். தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதுகிற கணியம், சென்னை லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களில் தமிழில் பேசியே தொடங்கலாம். தமிழ் ஓ.சி.ஆர். (படத்திலிருக்கும் எழுத்தைப் படிப்பது), தமிழ்க் குரல், எழுத்துப்பிழை திருத்தி எல்லாவற்றிலும் வேலை பாக்கி இருக்கிறது. வேலைவாய்ப்புக்கும் இது உதவும், உங்கள் கோடு ஊருக்கே தெரியும். சோறு போடுமா என்றால், அநேகமாகப் போடாது. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024-ல் வருடத்துக்கு 10 லட்சம் டாலர் என்று ஒரு நிதி தொடங்கியது, நல்ல விஷயம், ஆனால் உலகம் முழுக்கப் பங்கு போடுகிற பணம் அது. ஒரு எச்சரிக்கை: பணியில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பணிக்காலத்தில் நீங்கள் எழுதுகிற எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி இருந்தால் எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

நானாக இருந்தால் எப்படிப் பிரிப்பேன் என்று கேட்டால்: கடன் இருக்கிறது, அனுபவம் மூன்று வருடத்துக்குக் கீழே என்றால் கம்பெனியை விடாமல் அணுகல்தன்மைக்கோ தனியுரிமைக்கோ நகர்வேன், வாரத்தில் ஒரு மாலையைக் கட்டற்ற மென்பொருளுக்கு ஒதுக்குவேன். கடன் அடைந்து, ஆறேழு வருட அனுபவமும், ஒரு வருடச் செலவுக்கான சேமிப்பும் இருந்தால் தொண்டு நிறுவனம். அரசுத் தேர்வு எழுதும் பொறுமை இருப்பவரை நான் தடுக்கவே மாட்டேன், நல்லவர்கள் மிகவும் தேவைப்படுகிற இடம் அதுதான். 'எத்திக்ஸ்' என்று பதவிப் பெயரிலேயே போட்டிருக்கிற வேலைக்காக நிரந்தர வேலையை விடுவதை மட்டும் தவிர்ப்பேன்.

இன்டர்வியூவுக்குப் போகும்போது நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். கம்பெனியென்றால், அணுகல் பிழையோ தனியுரிமைப் பிழையோ ரிலீஸைக் கடைசியாக எப்போது நிறுத்தியது என்று கேளுங்கள். ஒரு உதாரணம்கூட வராவிட்டால் அந்த டீமுக்கு அதிகாரம் இல்லை. தொண்டு நிறுவனமென்றால், போன தடவை நிதி முடிந்தபோது ஆப் என்ன ஆனது, பயனர்களின் தரவு எங்கே போனது என்று கேளுங்கள். அப்புறம் தயங்காமல் இதையும் கேட்டுவிடுங்கள்: என் சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது, அது எந்த மாதம் முடிகிறது? தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னால் எழுத்தில் வரும்வரை காத்திருக்கலாம். கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.